“ஐயா இன்னும் வரேல்லையோ?” என்று அம்மா கேட்டால்

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. மூன்று வருடங்களுக்கு முன் மறதிநோய் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மயிலிட்டியில் பிறந்து வளர்ந்து, 1990 இல் இடம்பெயர்ந்து, இப்போது கொக்குவிலில் என்னோடு இருக்கிறா. ஐயா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2018 இல் மோசம் போய்விட்டார். பின்னேரம் ஆனதும் அம்மா படலையடியில் நின்று “ஐயா இன்னும் வரேல்லையோ?” என்று பத்துப் பதினைந்து தரம் கேட்கிறா. சில நாளில் மயிலிட்டிக்குப் போகவேணும் என்று உடுப்புக் கட்டுகிறா. “இப்ப வந்திடுவார்” என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, பெற்ற தாயை ஏமாற்றுவது பாவம் என்கிறார். தான் கதைக்கும்போது அம்மா தெளிவாகத்தான் இருக்கிறாவாம். போன மாதம் வீடியோவில் அவரே “ஐயா செத்து எத்தனை வருசம், மறந்திட்டியளோ?” என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை. மாத்திரையைப் பொடித்துத் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கிறேன். அதுவும் பொய்தானே? காணி அலுவலுக்கு அம்மாவின் கையொப்பம் தேவை. ஆசுப்பத்திரிக் கடுதாசி என்று சொல்லி வைப்பிக்கலாம் என்று ஒரு உறவினர் சொல்கிறார். ஆடியில் ஐயாவின் திவசம் வருகிறது. அன்று அம்மாவை வேறு வீட்டில் விடுவதா? நான் செய்வது சரியா, பிழையா?
(ஒரு மகள், கொக்குவில்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அண்ணாவோடு உள்ள பிணக்கை முதலில் பார்ப்போம். அவர் எத்தனை மணிக்கு அழைக்கிறார்? வேலை முடிந்து, சாப்பிட்டு, ரொறன்ரோவில் இரவு 10 மணிக்கு எடுத்தால் இங்கே அடுத்த நாள் விடிய 7.30. அங்கே குளிர்காலம் என்றால் 8.30. மறதிநோய் உள்ளவர்களில் பலர் தெளிவாக இருக்கும் நேரம் அதுதான். உறங்கி எழுந்த உடம்பு, நல்ல வெளிச்சம், பழகிய காலைக்கடன்கள் எல்லாம் துணைக்கு நிற்கும். பொழுது சாயச் சாய அந்தத் துணைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அண்ணா காண்பது காலையில் உள்ள அம்மாவை. நீங்கள் பின்னேரத்து அம்மாவோடு சீவிக்கிறீர்கள். இருவரும் சொல்வது உண்மை.

வாதாடுவதை விடுத்து ஒரு கொப்பி போடுங்கள். ஒரு கிழமைக்கு, அம்மா கேட்ட ஒவ்வொரு தரமும் நான்கு விடயம் குறியுங்கள்: நேரம், கேட்ட சொல் அப்படியே, நீங்கள் சொன்ன பதில், கால் மணித்தியாலம் கழித்து அம்மா இருந்த நிலை. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பதில் சொன்ன நிமிடத்தில் எல்லாம் சரிவந்த மாதிரித்தான் தெரியும். ஏழாம் நாள் பக்கங்களைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்புங்கள். எது அம்மாவை அமர்த்துகிறது, எது குழப்புகிறது என்பதை அந்தக் கொப்பி உங்கள் இருவருக்கும் காட்டும்.

அண்ணா சொன்ன உண்மை ஏன் அப்படிப் பட்டது? புதிய நினைவுகளைப் பதிந்து வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி, அல்சைமர் வகை மறதிநோயில் முற்பட்டே பழுதாகிறது. பழைய நினைவுகள் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஐயா சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலம் அம்மாவிடம் இருக்கிறது, 2018 பிடிபடவில்லை. “மறந்திட்டியளோ?” என்று கேட்டது அண்ணாவுக்கு ஒரு ஞாபகமூட்டல். அம்மாவுக்கோ அது அன்றைக்குத்தான் வந்த செய்தி. ஒவ்வொரு தரமும் அவருக்குப் புதுச் செத்தவீடு.

2014 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். அல்சைமர் நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியானவற்றையும் காட்டிவிட்டுப் பின்னர் கேட்டார்கள். பார்த்ததைப் பற்றி அவர்களுக்கு நினைவில் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் அது எழுப்பிய உணர்வு அரை மணித்தியாலம் வரை நின்றது. காரணம் போய்விடும், கவலை தங்கும். அம்மா அன்று சாப்பிடாமல் இருந்தபோது ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திராது.

இதே விதி உங்கள் பதிலுக்கும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். “இப்ப வந்திடுவார்” என்ற சொல் இரண்டு நிமிடத்தில் மறந்துபோகும். யாரோ வரப்போகிறார் என்ற எதிர்பார்ப்பு மறையாது. அந்த எதிர்பார்ப்போடுதான் அம்மா படலைக்கு நடக்கிறார், வந்து மறுபடி கேட்கிறார். பத்துப் பதினைந்து தரம் கேட்பதற்கு நோய் ஒரு காரணம், உங்கள் பதில் இன்னொன்று. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன யாருக்கும் முதலில் வாயில் வருவது அந்தப் பதில்தான். ஆனால் எதிர்காலத்தில் முடியும் பொய் காத்திருப்பை உண்டாக்கும். அதை நிறுத்துங்கள்.

பதில் சொல்வதற்கு முன் உடம்பைப் பாருங்கள். சலம் போக வேண்டுமா, தண்ணீர் குடித்து எத்தனை மணித்தியாலம், மலம் போய் எத்தனை நாள், கால் நோகிறதா, பொய்ப்பல் உறுத்துகிறதா? இவற்றைச் சொல்லத் தெரியாதபோது அது “ஐயா எங்கே” என்றும் “வீட்டுக்குப் போகவேணும்” என்றும் வெளியே வரும். 4 மணிக்குத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் கொடுத்து, கழிவறைக்குக் கூட்டிப்போய், இருட்டுப்பட முன்னரே, 5.30 க்கெல்லாம் விறாந்தை லைற்றையும் அறை லைற்றையும் போட்டுவிடுங்கள். அரை இருட்டில் மாமர நிழலும் கொடியில் கிடக்கும் சேலையும் ஆளாகத் தெரியும். இன்னொன்று: இரண்டு மூன்று நாளுக்குள் குழப்பம் திடீரெனக் கூடினால், அல்லது வழமைக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், அது பெரும்பாலும் மறதிநோயின் வளர்ச்சியாக இராது. சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல், மலச்சிக்கல், நீரிழப்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். தடிமனுக்குக் கடையில் வாங்கிக் கொடுத்த பிரிட்டோன் மாத்திரைகூட இதைச் செய்யும். அப்போது கதையால் சமாளிக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம். தமிழில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. “வருவார்” என்றால் பொய், “செத்துப்போனார்” என்றால் அடி. ஆனால் “ஐயாவுக்குப் பனங்கட்டி எண்டால் விருப்பம்” என்ற வசனத்தில் காலமே இல்லை. இருப்பவரைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம், இல்லாதவரைப் பற்றியும் சொல்லலாம். அதில் ஒரு பொய்யும் கிடையாது. ‘பிடிக்கும்’, ‘விருப்பம்’, ‘வழக்கம்’, ‘கெட்டிக்காரன்’ போன்ற சொற்களைக் கைவசம் வைத்திருங்கள். கதை இப்படிப் போகலாம்:

“ஐயா இன்னும் வரேல்லையோ?”
“ஐயாவைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறியள் என்ன, அம்மா.”
“ஓம் பிள்ளை. பொழுதும் பட்டுது. சைக்கிள் லைற்றும் வடிவா எரியாது.”
“ஐயாவுக்குத் தேத்தண்ணிக்கு என்ன வேணும்? சீனியோ பனங்கட்டியோ?”
“பனங்கட்டிதான். சீனி போட்டாத் தொடவும் மாட்டார்.”
“எனக்கும் அப்பிடி ஒண்டு ஊத்தித் தாங்கோவன்.”

இதில் நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முதல் பதிலில் அம்மாவின் தவிப்புக்குப் பெயர் வைத்தீர்கள். இரண்டாவதில் ஐயாவைக் கதைக்குள் கொண்டுவந்தீர்கள். மூன்றாவதில் அவர் கைக்கு வேலை கொடுத்தீர்கள். ஐயா வரும் நேரம் என்பது முப்பது நாற்பது வருடம் அம்மாவுக்கு ஓயாத வேலை நேரமாக இருந்தது. இப்போது அந்த நேரத்தில் கை சும்மா இருக்கிறது. சூடான தண்ணீரை நீங்கள் ஊற்றுங்கள், பனங்கட்டியை உடைப்பதை அம்மா செய்யட்டும். ஒழுங்கையைப் பார்க்கும் கதிரையைத் திருப்பி, குசினிப் பக்கமாகப் போட்டால் இன்னும் நல்லது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்த நயோமி ஃபெயில் 1960களிலிருந்து வளர்த்த முறையும் ஏறக்குறைய இதுதான்: திருத்தவும் வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம், அந்தக் கேள்விக்குள் இருக்கும் உணர்வோடு கதையுங்கள். பிரித்தானியாவில் மனநல அறக்கட்டளை ஒன்று இந்தக் கேள்வியையே ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட அறிக்கை, முழு உண்மைக்கு எவ்வளவு கிட்ட நிற்க முடியுமோ அங்கிருந்து தொடங்குங்கள், அது வீண் துன்பம் தந்தால் மட்டும் படிப்படியாக விலகுங்கள் என்றது. என் கருத்தும் அதுவே. பொய்யைக் கடைசிப் படியில் வையுங்கள். படியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அம்மா நடுங்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கப் பார்க்கிறார், வேறெதுவும் எடுபடவில்லை என்றால் “ஐயாவுக்கு இண்டைக்கு வேலை கூட” என்று சொல்வதில் பாவம் இல்லை. அப்படிச் சொல்ல வேண்டி வந்தால் பொய் சிறியதாக இருக்கட்டும். வரும் நேரம் சொல்லாதீர்கள். யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். அம்மா போய்ச் சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்கக்கூடாது. வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். நீங்கள் வேலை என்க, மருமகன் கொழும்பு என்க, பேரப்பிள்ளை “அம்மப்பா செத்துட்டார் அம்மம்மா” என்றால் அம்மாவுக்கு எஞ்சுவது எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்ற பயம் மட்டுமே. கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த ஒற்றைப் பதிலை எழுதி வையுங்கள். பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்க வேண்டாம். “அம்மாவைக் கேளுங்கோ அம்மம்மா” என்று சொல்லி உங்களிடம் கூட்டிவந்தால் போதும்.

பொய் சொல்லவே கூடாத ஒரு நேரம் உண்டு. சில வேளை அம்மா உங்கள் முகத்தை நேரே பார்த்து, தாழ்ந்த குரலில், “பிள்ளை, ஐயா இல்லையோ? மெய்யைச் சொல்லு” என்று கேட்பார். படலையடிக் கேள்வி வேறு, இது வேறு. பதில் பாதி தெரிந்துதான் கேட்கிறார். அங்கே பொய் சொன்னால் தெரிந்ததோடு அவரைத் தனியே விட்டதாகும். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, “ஓம் அம்மா, ஐயா மோசம் போயிட்டார். நாங்கள் எல்லாரும் பக்கத்தில நிண்டனாங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். வருடம், நோய், ஆசுப்பத்திரிக் கதை எதுவும் வேண்டாம். அழட்டும். அழுகையை நிறுத்த அவசரப்படாதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். எப்போதாவது “நீ பொய் சொல்லுறாய்” என்று பிடித்துவிட்டால் வாதாடாமல் மன்னிப்புக் கேளுங்கள்.

சுவரில் மாலை போட்ட ஐயாவின் படம் இருக்கும். அம்மா காத்திருப்பது நாற்பது வயது மனிதருக்கு. அந்தப் படத்தில் இருக்கும் நரைத்தவரை அவருக்கு மட்டுப்பிடிக்க முடியாமல் போகலாம். அல்லது மாலையைக் கண்டு திடுக்கிடலாம். எடுத்து ஒளிக்க வேண்டாம். கலியாணப் படத்தையோ இளவயதுப் படத்தையோ பெரிதாக்கி, அம்மா இருக்கும் அறையில், கண்மட்டத்தில் வையுங்கள். கதைக்கத் தொடங்க அது நல்ல இடம்.

மயிலிட்டிக்கு வருவோம். “இதுதானே வீடு” என்றால் எடுபடாது. 1990 ஆனியில் போரால், மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுக்கு வீடு என்பது விட்டுவிட்டு வந்த ஒன்று. மறதிநோய் அந்தக் காயத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. “வீட்டில என்ன வேலை கிடக்கு அம்மா?” என்று கேளுங்கள். முத்தம் கூட்டவேணும், மாட்டுக்குத் தண்ணி வைக்கவேணும் என்று ஏதாவது வரும். விளக்குமாற்றைக் கையில் கொடுத்து, உங்கள் முற்றத்தையே கூட்ட விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உடுப்புப் பொதியையும் எடுத்துக்கொண்டு கூடவே வெளிக்கிடுங்கள். செருப்பு, தண்ணீர்ப் போத்தல், ரோச் எடுங்கள். ஐந்து பத்து நிமிடம் நடந்து, கோயிலடியில் நின்று கும்பிட்டு, வேறு ஒழுங்கையால் திரும்பி வாருங்கள். படலையைத் திறந்து “வந்திட்டம் அம்மா” என்றால் அது பொய்யே இல்லை. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டிருக்கிறது என்று இடிந்த சுவரைக் காட்டி நிரூபிக்கக் கூட்டிப்போகாதீர்கள். அந்த இடத்திலேயே நின்று “வீட்டுக்குப் போவம்” என்று கேட்டால் உங்களுக்கும் தாங்காது. தனியே போய்விடும் பயத்துக்கு, சட்டையின் உட்புறம் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துணித்துண்டைத் தைத்து விடுங்கள். வளவில் கட்டுக் கிணறு இருந்தால் கம்பி வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். இதை நாளைக்கென்று விடாதீர்கள்.

மாத்திரை விடயத்தில் பொய்யைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. எல்லா மாத்திரையையும் பொடிக்கக்கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ரிராட் என்று இருந்தால் மருந்து மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்தது. பிரஷருக்குத் தரும் நிஃபெடிபின் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்தால் பல மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கி, பிரஷர் விழுந்து, ஆளும் விழலாம். சீனி வருத்தத்துக்கான மெட்போமின் எஸ்.ஆர். மாத்திரைக்கும் அதே விதி. ஈ.சி. என்று இருந்தால் வயிற்றைக் காக்கப் பூச்சுப் பூசியது, உதாரணம் சில அஸ்பிரின் மாத்திரைகள். அதையும் உடைக்கக்கூடாது. ஆகவே முதல் வேலை, எல்லா மாத்திரையையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் “இவ விழுங்க மறுக்கிறா, எதை நிறுத்தலாம், எதைப் பாணியாகத் தரலாம், எதைப் பொடிக்கலாம்?” என்று கேட்டு எழுதுவித்து வாருங்கள். பல வேளை எண்ணிக்கையே குறையும். பொடிக்கலாம் என்றவற்றை ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் கலக்காதீர்கள். அரைவாசியை வைத்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. கசந்தால் தேத்தண்ணியையும் வெறுத்துவிடுவார். ஒரு தேக்கரண்டி மசித்த வாழைப்பழம் அல்லது தயிர் போதும், கொடுக்கும்போது “மருந்தும் இருக்கு அம்மா” என்று சொல்லிப் பாருங்கள். பல நாள் சம்மதிக்கவும் கூடும். சொல்லாமல் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அதை வைத்தியரோடும் குடும்பத்தோடும் சேர்ந்து முடிவெடுத்து, கொப்பியில் பதியுங்கள். தனி ஆளாக, இரகசியமாகச் செய்யாதீர்கள்.

கையொப்பத்துக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. ஐயாவுக்கு வேலை கூட என்ற பொய் அம்மாவின் நெஞ்சுக்கு. ஆசுப்பத்திரிக் கடுதாசி என்ற பொய் மற்றவர்களின் வசதிக்கு. அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை, இழப்பு மட்டும் உண்டு. விளங்காமல் வைத்த ஒப்பத்தோடு முடித்த காணி உறுதியைப் பின்னர் நீதிமன்றத்தில் யாரும் கேள்விக்குட்படுத்தலாம். சகோதரங்கள் ஆயுளுக்கும் முகம் பார்க்காமல் போவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். சொத்தைத் தானே பார்க்க முடியாத ஒருவருக்காக அதைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தை நாடும் வழி இருக்கிறது. அண்ணாவையும் சேர்த்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். நேரம் எடுக்கும், செலவும் உண்டு. பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை வாசிக்கும் வேறு வீடுகளுக்கு அது தேவை. தாய் கேட்பது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை என்றால் நான் மேலே சொன்ன கடைசிப் படிப் பொய்கூட அங்கே வேண்டாம். “வெளிநாட்டில இருக்கிறான், காசு அனுப்புவான்” என்று சொல்லாதீர்கள். “செத்துட்டான்” என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை. உண்மை தெரிய வேண்டும் என்று தெருவில் இருந்த தாய்மார் அவர்கள். “எங்களுக்கும் தெரியேல்லை அம்மா. நாங்களும் தேடுறம். அவன் சின்னனில எப்பிடி?” என்பதே சொல்லக்கூடிய முழு உண்மை. அதைச் சொல்லிவிட்டு அவரோடு இருங்கள்.

திவசத்தன்று அம்மாவை வேறு வீட்டில் விட வேண்டாம். பழகாத வீடும் அங்கே நிற்கும் பதற்றமும் குழப்பத்தைக் கூட்டும். முப்பது பேரை அழைக்காமல் வீட்டு ஆட்களோடு நிறுத்தி, பொழுது ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஐயருக்கும் வருகிறவர்களுக்கும் முதல் நாளே விடயத்தைச் சொல்லி, அம்மாவிடம் துக்கம் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வாழைக்காய் வெட்டவும் இலை துடைக்கவும் கொடுங்கள். அந்த வேலை அவர் கைக்கு இன்னும் தெரியும். “என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு சமையல்?” என்று கேட்டால் “ஐயாவுக்குப் படைக்கிறம் அம்மா” என்று சொல்லுங்கள். அதில் மறைத்தது எதுவும் இல்லை. விளங்கிக்கொள்வதும் விடுவதும் அம்மாவின் அன்றைய நிலையைப் பொறுத்தது. ஐயாவுக்குப் பிடித்த கறி எது என்று அம்மாவிடமே கேட்டு, அதை அவர் கையாலேயே இலையில் வைக்க விடுங்கள். படைத்து முடிந்ததும் மற்றவர்களுக்கு முன் அம்மாவை இருத்திச் சாப்பாடு கொடுங்கள். நேரம் பிந்தினால் பசியும் களைப்பும் சேர்ந்துவிடும்.